கொரோனா காலண்டர்: வைரஸ் வந்த தேதி வேற... நாம கண்டுபிடிச்ச தேதி வேற! - ரங்கநாதன் தெரு முதல் அடையாறு வரை ஒரு ரீவைண்ட்

நீங்க 2020-ல் பத்தாம் வகுப்பு 'ஆல் பாஸ்' பேட்ச்சா? அப்படின்னா ஜூன் 9, 2020-ஐ மறந்திருக்க மாட்டீங்க. ஜூன் 15-ல் தொடங்கவிருந்த பொதுத்தேர்வு ரத்து, எல்லோரும் பாஸ்னு அரசு அறிவிச்ச நாள் அது.

மறுநாள் காலையில் வந்த செய்தி ஞாபகம் இருக்கா? சேப்பாக்கம் - திருவல்லிக்கேணி எம்.எல்.ஏ ஜெ.அன்பழகன் கொரோனாவால் இறந்துபோனார். தி.நகர் தொகுதியின் முன்னாள் எம்.எல்.ஏ-வும்கூட. அன்று அவருக்கு 62-வது பிறந்தநாள். கொரோனாவுக்கு இந்தியா இழந்த முதல் எம்.எல்.ஏ அவர்தான்.

இப்படி நம்ம ஒவ்வொருத்தர் மனசுலயும் ஒரு கொரோனா காலண்டர் இருக்கு. அரசிடம் ஒன்று இருக்கிறது. ஆனா, வைரஸ் தனக்குன்னு ஒரு காலண்டர் வெச்சிருந்தது. அது எப்பவும் நம்ம காலண்டரைவிட சில நாள், சில வாரம் முன்னாடியே ஓடிக்கிட்டிருந்தது. அந்த இடைவெளிதான் இந்தக் கதை.

ஏர்போர்ட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம்!

வுஹானில் காரணம் தெரியாத நிமோனியா பரவுவதாக உலக சுகாதார நிறுவனத்துக்குத் தகவல் போனது 2019 டிசம்பர் 31. இந்தியாவின் முதல் நோயாளி, வுஹானிலிருந்து கேரளா திரும்பிய மருத்துவ மாணவி. அது ஜனவரி 30. தமிழ்நாட்டின் முதல் நோயாளி, ஓமனிலிருந்து வந்த காஞ்சிபுரத்துக்காரர். அது மார்ச் 7. ஆக, வுஹான் செய்தியிலிருந்து நம்ம ஊருக்கு 67 நாள்.

மார்ச் 18-ல் உறுதியான இரண்டாவது நோயாளிதான் முக்கியமான திருப்பம். அவர் டெல்லியிலிருந்து ரயிலில் சென்னை வந்த இளைஞர். வெளிநாட்டுப் பயணம் எதுவும் இல்லை. விமான நிலையத்தில் நெற்றிக்கு நேரா தெர்மல் ஸ்கேனரைப் பிடிச்சிட்டிருந்த நேரத்தில், வைரஸ் ரயில் பாதையில் வந்து சேர்ந்திருந்தது.

அதுக்கப்புறம் எல்லாமே வேகம். தேசிய ஊரடங்குக்கு முன்பே தி.நகரின் பெரிய கடைகளுக்கு ஷட்டர் விழுந்தது. தோளோடு தோள் இடிக்காம நடக்கவே முடியாத ரங்கநாதன் தெருவின் இந்த முனையில் நின்றால் அந்த முனை தெரிந்தது. மார்ச் 24 மாலை 144 தடை, அன்று நள்ளிரவு முதல் நாடு முழுக்க ஊரடங்கு. மயிலாப்பூரில் கபாலீஸ்வரர் பங்குனிப் பெருவிழா நடக்கவில்லை. அறுபத்து மூவர் அன்று நிற்க இடம் கிடைக்காத மாட வீதிகளில் ஆளே இல்லை.

கோயம்பேடு: ஒரு நாள் கூட்டம்

வீட்டுக்குள்ள இருந்தா போதும்னு நினைச்சோம். ஆனா, வீட்டுக்குக் காய்கறி வரணுமே! மயிலாப்பூர், மாம்பலம், அடையாறு தெருக்களில் வந்த காய்கறி வண்டிகளில் பெரும்பாலானவற்றின் தொடக்கப்புள்ளி கோயம்பேடு.

2020 ஏப்ரல் 26 முதல் நான்கு நாள்களுக்கு முழு ஊரடங்கு என்று அறிவித்தார்கள். அவ்வளவுதான், 25-ம் தேதி மார்க்கெட்டில் கூட்டம் அலைமோதியது. பரவலைத் தடுக்கப் போட்ட உத்தரவே ஒரு நாள் நெரிசலை உண்டாக்கியது. மே 5-ல் மார்க்கெட்டை மூடினார்கள். அதற்குள் தொற்று அங்கிருந்து கடலூர், அரியலூர், விழுப்புரம் வரை போய்விட்டிருந்தது. ஏப்ரல் இறுதியில் மாநிலத்தில் 2,323 ஆக இருந்த மொத்த பாதிப்பு, மே இறுதியில் 22,333.

ஏன் இவ்வளவு லேட்டாகத் தெரிந்தது? கணக்கு சிம்பிள். தொற்றிய பிறகு அறிகுறி தெரிய சராசரியா அஞ்சு நாள். 'சாதாரண ஜுரம்தான்'னு டோலோ போட்டுக் காத்திருப்பது ரெண்டு மூணு நாள். டெஸ்ட் எடுத்து ரிசல்ட் வர இன்னும் ஓரிரு நாள். ஆக, தினமும் சாயங்காலம் டி.வி-யில் வந்த எண்ணிக்கை அன்றைய நிலவரம் இல்லை. ஒரு வாரம், பத்து நாள் பழைய போட்டோ.

பட்டியலில் இல்லாத 444 பேர்

ஜூன் மாதத்தில் சென்னையில் ஒரு நாள் பாதிப்பு 2,000-ஐத் தாண்டியது. ஜூன் 19 முதல் மறுபடியும் கெடுபிடி ஊரடங்கு. இந்த முறை மாநகராட்சி இன்னொன்றையும் செய்தது. தினமும் நூற்றுக்கணக்கான காய்ச்சல் முகாம்கள், வீடு வீடாக விசாரிப்பு. நோயாளி ஆஸ்பத்திரிக்கு வரட்டும் என்று காத்திருக்காமல், தேடிப் போனார்கள். ஜூலை இறுதியில் ஒரு நாள் பாதிப்பு ஆயிரத்தையொட்டி இறங்கியது.

இரண்டு உண்மைகளும் வெளியே வந்தன.

ஒன்று: ஜூலை 22-ல், சென்னையின் கணக்கில் விடுபட்டிருந்த 444 கொரோனா மரணங்கள் ஒரே நாளில் சேர்க்கப்பட்டன. மாநகராட்சியின் இறப்புப் பதிவேட்டையும் சுகாதாரத்துறையின் பட்டியலையும் ஒப்பிட்டபோது தெரியவந்த வித்தியாசம் இது.

இரண்டு: ஐ.சி.எம்.ஆரின் தேசிய தொற்றுநோயியல் நிறுவனத்துடன் சேர்ந்து மாநகராட்சி 12,000-க்கும் மேற்பட்டோரிடம் ரத்த மாதிரி எடுத்தது. அதில் 21.5 சதவிகிதம் பேருக்கு ஏற்கெனவே கொரோனா வந்து போன தடயம் இருந்தது. நகரின் மக்கள்தொகைக்குக் கணக்குப் போட்டால் சுமார் 15 லட்சம் பேர். அப்போது டெஸ்ட்டில் உறுதியானவர்கள் சுமார் 1 லட்சம்தான்!

அதாவது, நாம பார்த்தது ஒருத்தரைன்னா பார்க்காமல் விட்டது பதினாலு பேரை. இவர்களில் பலருக்கு அறிகுறியே இருந்திருக்காது. யார் மீதும் குற்றம் சொல்ல முடியாது. ஆனா, 444 விஷயம் அப்படியில்லை. அரசுப் பட்டியலுக்குத்தான் அவங்க இறந்தது லேட்டா தெரிஞ்சது. அவங்க வீட்டுக்கு அன்னிக்கே தெரியும்.

'முடிஞ்சுபோச்சு'ன்னு நினைச்சப்போ...

2021 ஜனவரி 16-ல் தடுப்பூசி வந்தது. பிப்ரவரியில் சென்னையின் ஒரு நாள் பாதிப்பு 200-க்கும் கீழே. மாஸ்க் தாடைக்கு இறங்கியது. கல்யாண மண்டபங்கள் நிறைந்தன, தேர்தல் பிரசாரம் களைகட்டியது. ஏப்ரல் 6 வாக்குப்பதிவு. மே 21-ல் மாநிலத்தின் ஒரு நாள் பாதிப்பு 36,184. முதல் அலையின் உச்சமே 6,993தான்.

படுக்கைக்காக ஆம்புலன்ஸ்கள் வரிசையில் நின்றன. கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி வாசலில் ரெம்டெசிவிருக்காக ராத்திரியெல்லாம் காத்துக்கிடந்தாங்க அண்ணன்களும் தம்பிகளும். மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்களின் உயிரை அந்த மருந்து காப்பாற்றும் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2020 நவம்பரிலேயே சொல்லியிருந்தது. அந்தத் தகவல் க்யூவில் நின்றவர்களுக்குப் போய்ச் சேரவே இல்லை.

சீக்கிரம் பார்த்தால் என்ன ஆகும்?

இதே தென் சென்னையில் எதிர் உதாரணங்களும் உண்டு. 2020 டிசம்பரில் அடையாறு ஐ.ஐ.டி வளாகத்தில் தொற்று கிளம்பியது. சேர்ந்து சாப்பிட்ட பொது மெஸ் ஒரு காரணமாகப் பேசப்பட்டது. விடுதியில் இருந்த எல்லா மாணவர்களுக்கும் டெஸ்ட் எடுத்தார்கள். மெஸ்ஸை நிறுத்தி, சாப்பாட்டை அறைக்கே அனுப்பினார்கள். நூற்றுக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டாலும், அது ஊர் அலையாக மாறவில்லை.

2021 ஜூலை 31-ல் ரங்கநாதன் தெரு உள்ளிட்ட சில இடங்களில் கடைகளைச் சில நாள்கள் மூடினார்கள். அப்போது சென்னையின் ஒரு நாள் பாதிப்பு சுமார் 200தான். 'இதுக்குப் போயா?'ன்னு கேட்டவங்க உண்டு. வியாபாரிகளுக்கு அது நிஜமான நஷ்டம். ஆனால், 2,000 ஆன பிறகு நகரத்தையே மூடுவதைவிட, 200-ல் ஒரு தெருவை மூடுவது மலிவு.

2022 ஏப்ரலில் மறுபடியும் ஐ.ஐ.டி. மறுபடியும் எல்லோருக்கும் டெஸ்ட். மாஸ்க் போடாவிட்டால் 500 ரூபாய் அபராதம் திரும்ப வந்தது. ஒமிக்ரானின் பி.ஏ.2 வகை என்றும் தெரிந்தது. வைரஸின் மரபணுவைப் படிக்கும் ஆய்வகம் 2021 செப்டம்பரிலேயே தேனாம்பேட்டை டி.எம்.எஸ் வளாகத்தில் திறக்கப்பட்டிருந்தது.

2023 மே 5. சர்வதேச அவசரநிலை முடிந்ததாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. அரசு காலண்டரில் அதுதான் கடைசி மைல்கல். வைரஸ் காலண்டரில் அப்படி ஒரு தேதியே கிடையாது.

அடுத்து ஏதாவது வந்தா, முதல் நோயாளி பற்றிய செய்தி உங்க போன்லதான் முதல்ல வரும். அப்போ 'ஒரே ஒருத்தருக்குத்தானே'ன்னு ஸ்வைப் பண்ணாதீங்க. அந்த ஒருத்தருக்குப் பின்னால் நாம் பார்க்காத பதினாலு பேர் இருக்கலாம். ஜுரம்னா டெஸ்ட் எடுங்க. ரிசல்ட் வர்ற வரைக்கும் தாத்தா பாட்டி பக்கத்துல உட்கார்ந்து டி.வி பார்க்காதீங்க. அஞ்சு நாள் முன்னாடி தெரிஞ்சுக்கறதுதான் நம்மால் முடிஞ்ச பெரிய விஷயம். 2020-ல் பல வீடுகளுக்கு அந்த அஞ்சு நாள் கிடைக்கல.