குளிருக்கும் சூட்டுக்கும் நடுவே ஒரு கதவு

ஜனவரி மாதத்து தில்லியில் விடியற்காலை ஐந்தரை மணிக்குக் காரை எடுப்பவர் வெளியே தொங்கும் மூடுபனியை நினைத்துத்தான் பயப்படுகிறார். ஆனால் அவருக்கு முதலில் தொல்லை கொடுப்பது காருக்குள் இருக்கும் நாலு பேரின் மூச்சு. முன் கண்ணாடியின் உட்புறம் சில நிமிடங்களில் பால் பூசியதுபோல வெளுத்துவிடும். துணியால் துடைத்தால் துடைத்த இடம் மறுபடி வெளுக்கும். ஹீட்டரைப் போட்டு, காற்றைக் கண்ணாடிப் பக்கம் திருப்பினால் ஓரிரு நிமிடங்களில் தெளிந்துவிட வேண்டும். சில கார்களில் தெளிவதில்லை. குமிழைச் சிவப்பின் கடைசிவரை திருப்பினாலும் வருவது குளிர்காற்றுதான். கூடவே டாஷ்போர்டுக்குப் பின்னாலிருந்து 'டிக், டிக்' என்று பல்லி சொல்வதுபோல ஒரு சத்தம்.

இந்தப் பல்லிக்குப் பலன் பார்க்கப் பஞ்சாங்கம் தேவையில்லை. பெரும்பாலும் அது, உள்ளங்கையில் அடங்கும் ஒரு மோட்டாருக்குள் பிளாஸ்டிக் பல்சக்கரம் ஒன்று உடைந்து வழுக்கும் சத்தம். புத்தகத்தில் அதன் பெயர் பிளெண்ட் டோர் ஆக்சுவேட்டர். உதிரிபாகக் கடைகளில் 'ஃபிளாப் மோட்டார்' என்று கேட்டால் போதும்.

காரின் ஹீட்டர் தனியாக எதையும் எரிப்பதில்லை. எஞ்சினைச் சுற்றி ஓடி 90 டிகிரியை ஒட்டிச் சூடேறிய கூலன்ட் திரவத்தில் ஒரு பங்கு, டாஷ்போர்டுக்குள் ஒளிந்திருக்கும் ஒரு குட்டி ரேடியேட்டர் வழியாகச் சுற்றி வருகிறது. அதுதான் ஹீட்டர் கோர். மின்விசிறி தள்ளும் காற்று முதலில் ஏசியின் கூலிங் காயிலைக் கடக்கிறது. அதற்கடுத்து ஒரு கதவு. அது ஒரு பக்கம் சாய்ந்தால் காற்று முழுவதும் சூடான கோருக்குள் புகுந்து வரும், மறுபக்கம் சாய்ந்தால் கோரைத் தொடாமல் ஒதுங்கிப் போகும். நடுவில் நின்றால் இரண்டும் கலக்கும். 22 டிகிரி, 24 டிகிரி என்று காருக்குள் நாம் பெருமையோடு வைத்துக்கொள்வதெல்லாம் பெரும்பாலும் இந்தக் கதவின் சாய்மானம்தான்.

முன்பு இந்தக் கதவை இழுத்தது ஓர் இரும்புக் கம்பி. 1983 டிசம்பரில் வந்த மாருதி 800 தலைமுறையில் சிறு பிடியை இடமும் வலமும் தள்ளுவார்கள், கம்பி இழுக்கும், கதவு நகரும். கம்பி கழன்றால் ஓட்டுநரே கையை உள்ளே விட்டு மாட்டிவிடுவார். தானே வெப்பத்தை அறிந்து சரிசெய்துகொள்ளும் ஏசி வந்தபோது கம்பியின் இடத்தில் மோட்டார் உட்கார்ந்தது. ஓட்டுநர் வேறு, பக்கத்தில் இருப்பவர் வேறு சூடு வைத்துக்கொள்ளும் கார்களில் கதவும் இரண்டு, மோட்டாரும் இரண்டு. காற்று காலுக்கா முகத்துக்கா என்று தீர்மானிக்க இன்னொன்று, வெளிக்காற்றா உள்காற்றா என்பதற்கு மற்றொன்று. வசதி கூடியது. கெட்டுப்போகக் கூடியவற்றின் எண்ணிக்கையும் கூடியது.

சென்னையிலிருந்து மாற்றலாகி வந்தவருக்கு ஹீட்டர் பழுது ஒரு குளிர்காலப் புகார் மட்டுமே என்று தோன்றலாம். உண்மையில் இந்த மோட்டார் அதிகமாகப் பணம் பறிப்பது மே மாதத்தில். கதவு பாதி திறந்த நிலையில் நின்றுவிட்டால் கூலிங் காயில் நன்றாகக் குளிர வைத்த காற்றில் ஒரு பங்கு நேராகக் கொதிக்கும் கோருக்குள் போய்ச் சூடேறி வருகிறது. வெளியே 44 டிகிரி. உள்ளே வருவது வெதுவெதுப்பு. தெருமுனை மெக்கானிக் கையை ஒருமுறை காற்றில் நீட்டிப் பார்த்துவிட்டுச் சொல்கிறார், "கேஸ் கம் ஹை, சாப்." கேஸ் நிரப்பப்படுகிறது. பலன் இல்லை. அடுத்து கம்ப்ரஸர் சந்தேகத்துக்கு ஆளாகிறது. அதற்கும் அடுத்து கூலிங் காயில். ஆயிரங்கள் செலவான பிறகும் காற்று குளிர்வதில்லை, ஏனென்றால் குளிர்விக்கும் இயந்திரத்தில் குறையே இல்லை.

கேஸுக்குப் பணம் கொடுக்குமுன் பானட்டைத் திறந்து இரண்டு நிமிடம் செலவிடலாம். ஏசி ஓடும்போது அதன் இரண்டு குழாய்களில் தடித்த குழாய் தொட்டால் சில்லென்று வியர்த்திருந்து, காருக்குள் மட்டும் காற்று சூடாக வந்தால், கேஸை விட்டுவிட்டுக் கதவைப் பார்க்கச் சொல்ல வேண்டும். குளிர்காலத்துக்கு வேறு சோதனை. எஞ்சின் நன்றாகச் சூடேறியபின், காருக்குள் நுழையும் இரண்டு ரப்பர் ஹோஸ்களைத் தொட்டுப் பார்க்க வேண்டும். விசிறி, பெல்ட் பக்கம் சட்டைக்கை போகாமல் ஜாக்கிரதை. இரண்டும் சூடு என்றால் வெந்நீர் ஒழுங்காகச் சுற்றுகிறது, சந்தேகம் கதவின் மேல். ஒன்று சூடு, மற்றது குளிர் என்றால் கோர் அடைத்திருக்கலாம். கூலன்டுக்குப் பதில் குழாய்த் தண்ணீரையே ஊற்றி வந்த கார்களில் துரு படிந்து இப்படி ஆகும். இரண்டுமே வெதுவெதுப்பு என்றால் கூலன்ட் குறைவு, அல்லது தெர்மோஸ்டாட் கோளாறு. 'எஞ்சின் சூடாகிறது' என்ற ஒரே புகாருக்குத் தெர்மோஸ்டாட்டைக் கழற்றித் தூர எறிந்துவிடும் வைத்தியம் நம் ஊர்ப் பட்டறைகளில் வெகு சகஜம். கோடையில் அதன் விளைவு யாருக்கும் தெரிவதில்லை. டிசம்பரில் ஹீட்டர் வேலை செய்யாதபோதும் யாருக்கும் அது நினைவுக்கு வருவதில்லை.

சந்தேகம் கதவில் என்று தெரிந்தால் வேலை பெரும்பாலும் கிளவ் பாக்ஸைக் கழற்றுவதில் தொடங்குகிறது. சாவியை அணைத்துவிட்டு, மோட்டாரின் மின்இணைப்பை உருவி, இரண்டு மூன்று ஸ்குரூக்களை அவிழ்த்தால் பல கார்களில் மோட்டார் கைக்கு வந்துவிடும். சில கார்களில் அது ஸ்டியரிங் பக்கத்து இடுக்கில் இருக்கும். இன்னும் சிலவற்றில் டாஷ்போர்டையே இறக்க வேண்டும். அங்கே உதிரிபாகத்தின் விலையைவிடக் கூலி பல மடங்கு.

மோட்டார் கழன்றவுடன் புதியதை மாட்டிவிடும் அவசரம்தான் அதே பழுது ஆறு மாதத்தில் திரும்பி வருவதற்குக் காரணம். முதலில் கதவின் அச்சை விரலால் பிடித்து இரு கோடிக்கும் திருப்பிப் பார்க்க வேண்டும். தடையில்லாமல் போனால் குற்றவாளி மோட்டார். இடறினால் மோட்டார் பலியாடு மட்டுமே. கதவைச் சுற்றியுள்ள பஞ்சு நைந்து சுருண்டிருக்கலாம், அச்சு விரிசல் கண்டிருக்கலாம், எலி கூடு கட்டியிருக்கலாம். டாஷ்போர்டின் மேல் வீற்றிருக்கும் கடவுளுக்குச் சாத்திய பூவும் போட்ட சில்லறையும் கண்ணாடிக்குக் காற்று போகும் இடுக்கு வழியே உள்ளே விழுந்திருக்கவும் கூடும். அந்த இடறலை நீக்காமல் மாட்டும் புதிய மோட்டாரும் முக்கி முனகிப் பல்லை உடைத்துக்கொள்ளும். கதவின் அச்சைத் திருப்பலாம், மோட்டாரின் அச்சைக் கையால் திருகக் கூடாது. உள்ளே இருக்கும் சின்னச் சக்கரங்கள் அந்த பலத்தைத் தாங்காது.

பட்டறைகளுக்கு இன்னொரு வழியும் தெரியும். மோட்டாரைக் கழற்றிவிட்டு, கதவை ஒரு கம்பியால் குளிர்ப் பக்கம் கட்டிவிடுவது. கோர் ஒழுகினால் இரண்டு ஹோஸ்களையும் ஒன்றோடொன்று சேர்த்து ஹீட்டரையே விலக்கிவிடுவதும் உண்டு. திருச்சியிலும் விஜயவாடாவிலும் இதில் குடி முழுகிப் போவதில்லை. சண்டிகரிலும் லக்னோவிலும் கதை வேறு. மூடுபனிக் காலத்தில் கண்ணாடியைத் தெளிவிப்பதற்கு ஏசி ஈரத்தை உறிஞ்சி, ஹீட்டர் அதே காற்றைச் சூடாக்கித் தர வேண்டும். கம்பி கட்டிய காரில் இரண்டாவது பாதி கிடையாது. எக்ஸ்பிரஸ்வேயில் நூறு கிலோமீட்டர் வேகத்தில் ஒரு கையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு போகிறவர் சிக்கனம் செய்தவராக மாட்டார். டிசம்பர் 21-ல் 'சில்லை கலான்' நாற்பது நாள் தொடங்கும் ஸ்ரீநகரில் ஹீட்டரில்லாத கார் வீட்டு வாசலில் நிற்க மட்டுமே லாயக்கு. மூடிய காருக்குள் கரி நெருப்பு காங்கிரியை வைத்துக்கொள்வது உயிருக்கு ஆபத்து.

மாட்டியாயிற்று. ஆனால் வேலை முடியவில்லை. கதவு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது புது மோட்டாருக்குத் தெரியாது. காரின் கட்டுப்பாட்டுப் பெட்டி அதை இரு கோடிக்கும் ஓட்டிப் பார்த்து மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும். சில கார்களில் பேட்டரியைச் சிறிது நேரம் கழற்றி மாட்டினாலே இது நடந்துவிடும். மற்றவற்றுக்கு ஸ்கேனர் கருவி வேண்டும், அதில் அந்தக் கம்பெனியின் மென்பொருள் இருக்க வேண்டும். இருபது ஆண்டு அனுபவமுள்ள உஸ்தாத் கையைப் பிசைந்துகொண்டு நிற்பது இந்த இடத்தில்தான்.

இது தொழில்நுட்பச் சிக்கல் மட்டும்தானா என்ற கேள்வி தேசிய அளவில் எழுந்து வெகுகாலமாயிற்று. கார் கம்பெனிகள் உதிரிபாகங்களையும் ஸ்கேனர் கருவிகளையும் தங்கள் சர்வீஸ் நிலையங்களுக்குள்ளேயே பூட்டிவைக்கின்றன என்று 2011-ல் ஒரு நுகர்வோர் கொடுத்த புகாரின் மேல் இந்தியப் போட்டி ஆணையம் விசாரணை நடத்தியது. 2014 ஆகஸ்ட் 25 அன்று 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. பாகங்களும் கருவிகளும் வெளி மெக்கானிக்குகளுக்கும் கிடைக்க வேண்டும், வெளியில் பழுது பார்த்த ஒரே காரணத்துக்காக வாரன்ட்டியை ஒட்டுமொத்தமாக ரத்து செய்யக் கூடாது என்றும் உத்தரவிட்டது. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போயின. 2016 டிசம்பரில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் மூன்று கம்பெனிகளின் வழக்கில் ஆணையத்தின் முடிவை ஏற்றது, ஆனால் அபராதத்தை உதிரிபாக விற்பனையை மட்டும் வைத்துக் கணக்கிடச் சொன்னது. 2022-ல் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 'பழுதுபார்க்கும் உரிமை' பற்றி ஆராயக் குழு அமைத்தபோது கார்களும் அதன் பட்டியலில் இருந்தன.

இதற்கிடையில் தில்லிக்காரர்கள் காஷ்மீரி கேட்டின் உதிரிபாகச் சந்துகளை நம்பியிருக்கிறார்கள். அங்கே போகும்போது காரின் பெயரையும் வருடத்தையும் மட்டும் சொல்லிக் கேட்பது போதாது. ஒரே காரில் பார்வைக்கு ஒன்றுபோலிருக்கும் மூன்று மோட்டார்கள் இருக்கலாம். பழையதைக் கையோடு எடுத்துப் போய், அதன் முதுகில் அச்சிட்டிருக்கும் எண்ணையும், இணைப்பில் உள்ள பின்களையும், அச்சின் வடிவத்தையும் புதியதோடு பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு வாங்க வேண்டும். கடைக்காரர் 'ஒரிஜினல்' என்று எத்தனை முறை சொன்னாலும் ரசீது கேட்டு வாங்கவும்.