அருவிக்கரை நாகரிகம்

ஜூன் பிறந்து தென்காசிப் பக்கம் சாரல் விழுந்துவிட்டால் குற்றாலம் பேரருவியில் கூட்டம் நெரியத் தொடங்கிவிடும். ஈரத்துணியோடு நிற்பவர்களை ஆயிரம் பேர் பார்க்கிறார்கள். அதை யாரும் குற்றமாக நினைப்பதில்லை. நிற்பவர்களும் அதற்காகக் கூசுவதில்லை. ஆனால் அவர்களில் ஒருவரைக் கைபேசியில் படம்பிடித்து, வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பெரிதாக்கி, 'குளிக்க வருவோரின் உடலமைப்பு' என்று ஒருவர் கட்டுரை எழுதினால்? "பொது இடத்தில்தானே குளித்தார்கள்" என்ற பதிலை அவர் அருவிக்கரையில் நின்று சொல்லிப் பார்க்கட்டும், உதை விழும். இணையத்தில் மனிதர்கள் எழுதும் நோயையும் மணமுறிவையும் கடன் தொல்லையையும் அள்ளிக்கொண்டுபோய் ஆய்வு செய்கிறவர்கள் பல ஆண்டுகளாக இதே பதிலைத்தான் சொல்லி வருகிறார்கள். பார்வைக்கு எட்டுவது வேறு, எடுத்தாளும் உரிமை வேறு. இந்த வேறுபாடு அருவிக்கரையில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. பல்கலைக்கழகத்துக்குள் போனதும் மறந்துபோகிறது.

2016-ல் டென்மார்க்கைச் சேர்ந்த சிலர், ஓகேகியூபிட் என்ற துணை தேடும் தளத்திலிருந்து ஏறத்தாழ 70,000 பேரின் விவரங்களை எடுத்து, பயனர் பெயர், வயது, பாலியல் விருப்பம் உட்பட அப்படியே வெளியிட்டார்கள். கேட்டதற்கு, ஏற்கெனவே பொதுவில் இருந்தவைதானே என்றார்கள். இவர்களாவது முரட்டுத்தனமாக நடந்துகொண்டவர்கள். அதற்கு முன்பே, 2008-ல், ஹார்வர்ட் ஆய்வாளர்கள் ஒரு கல்லூரி மாணவர்களின் ஃபேஸ்புக் பக்கங்களைத் திரட்டி, பெயர்களை நீக்கி, கல்லூரியின் பெயரையும் மறைத்து, மிகுந்த கவனத்தோடுதான் வெளியிட்டார்கள். உடன் தந்த விவரக் குறிப்புகளை வைத்தே அது எந்தக் கல்லூரி என்பதைப் பிறர் சீக்கிரம் கண்டுபிடித்துவிட்டார்கள். அது ஹார்வர்டேதான். தரவுகளைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. பெயரை நீக்கிவிட்டால் ஆள் மறைந்துவிடுவார் என்ற நம்பிக்கை அன்றே உடைந்தது. ஆனாலும் அந்த நம்பிக்கையை வைத்தே இன்றும் பலர் ஆய்வேடு எழுதுகிறார்கள்.

தென்காசி போன்ற ஊரில் அந்த நம்பிக்கைக்குத் துளியும் இடமில்லை. கடையநல்லூர்ப் பக்கம் பீடி சுற்றும் பெண் ஒருவர் தன் கரு கலைந்த துயரத்தை இணையத்தில் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆய்வாளர் பெயரை எடுத்துவிட்டு, 'தென்காசி மாவட்டம், பீடித் தொழிலாளி, வயது 34' என்று குறித்து, அவருடைய நான்கு வரிகளை மேற்கோளாகப் போடுகிறார். அந்த வரிகளைத் தேடுபொறியில் இட்டால் மறுநொடி ஆள் கிடைத்துவிடுவார். தேடுபொறிகூட வேண்டாம், 'ஏளா', 'வந்தாவ' என்று அதில் வரும் பேச்சே பக்கத்துத் தெருக்காரருக்கு எல்லாவற்றையும் சொல்லிவிடும். அப்படியானால் மக்கள் பேச்சைச் சேகரிப்பதே தவறா? இல்லை. கி. ராஜநாராயணன் 1982-ல் கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதியைக் கொண்டுவந்தார். ஊர் ஊராய்ப் புழங்கிய சொற்கள் அதில் இருக்கின்றன. யாருடைய கண்ணீரும் அதில் இல்லை. சொல் ஊருக்குப் பொது. பட்ட துயரம் பட்டவருக்கே சொந்தம். குற்றாலத்தில் வாழ்ந்த ரசிகமணி டி.கே.சி.யின் கடிதங்கள் நூலாகவில்லையா என்று கேட்கலாம். ஆயின, தனிப்பட்ட கடிதங்கள்தான். ஆனால் அவை யாருக்கு எழுதப்பட்டனவோ அவர்களிடமிருந்து, எழுதியவரின் பெயரோடும் பெருமையோடும் வந்தவை. அந்தப் பீடித் தொழிலாளிக்கோ பெயரும் இல்லை, பெருமையும் இல்லை. அட்டவணையில் ஒரு வரிசை எண்தான் மிச்சம்.

சட்டம் காப்பாற்றும் என்று நம்பவும் வழியில்லை. தனியுரிமை அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு ஒருமனதாகச் சொன்னது. ஆனால் அதன்பின் வந்த 2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவர் தாமே பொதுவில் வெளியிட்ட தகவலைத் தன் வரம்புக்கு வெளியே விட்டுவிட்டது. சமூக ஊடகத்தில் கருத்து எழுதுபவரையே அதற்கு உதாரணமாகவும் காட்டுகிறது. ஐரோப்பாவின் தரவுச் சட்டத்தில் இப்படி ஒட்டுமொத்தமாகக் கதவைத் திறந்துவிடும் விலக்கு கிடையாது. நம்முடைய குற்றவியல் சட்டத்துக்கே இந்த நுட்பம் தெரியும்: அந்தரங்கப் படம் எடுக்கச் சம்மதித்த பெண், அதைப் பிறருக்குக் காட்டச் சம்மதிக்கவில்லை என்றால், காட்டுவது குற்றம் என்கிறது பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-ஆவது பிரிவு. படத்துக்குப் புரிந்த இந்த நியாயம் எழுத்துக்கு மட்டும் ஏன் எட்டவில்லை?

லட்சம் பதிவுகளை ஆராய்கிறவர் லட்சம் பேரிடம் எப்படி அனுமதி கேட்பார் என்பது நேர்மையான கேள்விதான். கேட்க வேண்டாம். டெங்கு எந்த வாரத்தில் அதிகம் பேசப்பட்டது என்று எண்ணிப் பார்ப்பதில் எவருடைய முகமும் தெரிவதில்லை. சிக்கல் தொடங்குவது ஒருவரின் வரிகளைப் பிய்த்து அச்சில் ஏற்றும்போது. அங்கே பத்துப் பேரோ இருபது பேரோதான் இருப்பார்கள். ஒரு செய்தி அனுப்பிக் கேட்க ஒரு பகல் போதும். பதில் வராவிட்டால் கருத்தை மட்டும் வேறு சொற்களில் சொல்லலாம். அது ஆய்வின் துல்லியத்தைக் குறைக்கும் என்பார்கள். ஓரளவு குறைக்கத்தான் செய்யும். மருத்துவ ஆய்வும் நோயாளியின் சம்மதத்துக்காக எத்தனையோ வசதிகளை விட்டுக்கொடுத்துத்தான் நடக்கிறது. இன்னொரு மறுப்பு வலுவானது: இப்படிக் கட்டுப்படுத்தினால் சாதி வெறியைத் தூண்டுகிறவர்களும் அரசியல்வாதிகளும் தப்பிவிட மாட்டார்களா? மாட்டார்கள். மேடையேறிப் பேசுகிறவர் ஊருக்குக் கேட்கத்தான் பேசுகிறார். அவரைப் பெயர் சொல்லியே மேற்கோள் காட்டலாம், காட்டவும் வேண்டும். எழுதியவர் யாரை நினைத்து எழுதினார் என்பதுதான் அளவுகோல். அதைக் கணினி நிரல் கண்டுபிடிக்காது. ஆய்வாளர் உட்கார்ந்து யோசிக்க வேண்டும்.

இந்தப் பக்கத்து மாணவர்கள் முனைவர் பட்ட ஆய்வுக்குப் பதிவு செய்வது பெரும்பாலும் மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில்தான். அங்கும் மற்றப் பல்கலைக்கழகங்களிலும் ஆய்வேட்டை ஏற்குமுன் வழிகாட்டிப் பேராசிரியர்கள் ஒரு கேள்வி கேட்கட்டும்: இதில் மேற்கோளாக வரும் சாதாரண மனிதர் இந்தப் பக்கத்தைப் புரட்டினால் என்ன சொல்வார்? பதில் சொல்லத் தயங்கும் மாணவரிடம் அந்தப் பக்கத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.