பஸ் வரலைன்னா கவுன்சிலர் என்ன செய்ய முடியும்?

தெருவில் மழைத் தண்ணீர் நின்றாலும், காலையில் பஸ் வராவிட்டாலும், ஏரி ஓரம் அடுக்குமாடி எழும்பினாலும் நாம முதலில் போன் போடுவது வார்டு கவுன்சிலருக்குத்தான். ஆனா முடிவெடுக்கும் அதிகாரம் அவரிடம் எவ்வளவு இருக்கு?

சென்னையில் 200 கவுன்சிலர்கள். மழைநீர் வடிகால் மாநகராட்சியின் வேலை. ஆனால் மாஸ்டர் பிளான் போடுவது சிஎம்டிஏ, மாநகரப் பேருந்தை ஓட்டுவது எம்டிசி. இரண்டும் மாநில அரசின் அமைப்புகள். 1992-ன் 74-வது அரசியலமைப்புத் திருத்தம் நகர்ப்புற உள்ளாட்சிகளுக்காக 18 பணிகளைப் பட்டியலிட்டது. அதில் முதலாவதே நகரத் திட்டமிடல்தான்! சிக்கல் என்னன்னா, அந்த அதிகாரத்தை மாநிலங்கள் 'தரலாம்' என்கிறது சட்டம். 'தர வேண்டும்' என்று சொல்லவில்லை.

2050-க்குள் கார்பன் சமநிலை என்று 2023-ல் காலநிலை செயல் திட்டம் வெளியிட்டது சென்னை மாநகராட்சி. பஸ்ஸும் நிலப் பயன்பாடும் வேறு இடத்தில் முடிவானால், அதை மாநகராட்சி மட்டும் எப்படி எட்டும்?

கவுன்சிலரிடம் அதிகாரம் குறைவு. ஆனா மாமன்றத்தில் பேச, தீர்மானம் கேட்க அவருக்கு உரிமை உண்டு. அடுத்த ஏரியா சபைக் கூட்டத்தில் குப்பை, தெருவிளக்கோடு நிறுத்தாதீங்க. "நம்ம பகுதி பஸ் பற்றி, ஏரி பற்றி மாமன்றத்தில் பேசினீங்களா?" என்றும் கேளுங்க.