எட்டுக் கால் விருந்தாளி

திண்டுக்கல் பூட்டின் கீர்த்தி யாவரும் அறிந்ததே. 2019-ஆம் வருஷத்தில் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அத்தகைய பூட்டைக் கதவில் மாட்டிவிட்டு வெளியூர் சென்று திரும்பிய நம்மை, கூடத்துச் சுவரில் உள்ளங்கையகலச் சிலந்தியொன்று வரவேற்றது!

வீட்டுக் குழந்தை வீறிட்டது. அதற்குமுன் வீறிட்டது யாரென்பதை மறைத்தல் தர்மமன்று: நாமேதான். குழந்தை அஞ்சியது சிலந்தியைக் கண்டன்று. நம் முகத்தைக் கண்டே.

அந்தப் பிராணி செய்த குற்றம் என்ன? அது வலை பின்னும் ஜாதியன்று; இரவில் சுவரிலே ஓடிக் கரப்பான் பூச்சியை வேட்டையாடுவது. பிடித்து நசுக்கினால் கடிக்கும், வலிக்கும், உயிருக்கு அபாயமில்லை.

நாம் மூட்டிய பயத்தை நாமே தணிக்க வேண்டுமல்லவா? முதல் நாள் குழந்தையுடன் வாசற்படியில் நின்று பார்த்தோம். மறுநாள் நாலடி நெருங்கினோம். மூன்றாம் நாள் வாயகன்ற கண்ணாடிப் பாத்திரத்தை அதன்மேல் கவிழ்த்து, அடியில் அட்டையைச் செருகினோம். குழந்தை குனிந்து நோக்கியது. வயிற்றடியில் வெள்ளை வில்லை போன்ற முட்டைப் பை!

"இது அம்மாவா?" என்றது குழந்தை. பயம் அந்தக் கணமே பாதி கரைந்தது. கொல்லையில் கொண்டுபோய் விட்டோம்.

சிவலிங்கத்தின்மேல் சருகு விழாமல் பந்தலிட்ட சிலந்தியே கோச்செங்கட் சோழனாய்ப் பிறந்தது என்பது திருவானைக்காப் புராணம். சிலந்திக்குச் சிங்காதனமே அளித்த நாட்டில், கொல்லையில் ஒரு மூலை தரலாகாதா?

இனி வீறிடத் தோன்றினால், பக்கத்தில் குழந்தை நிற்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்வோம்.