நூற்றில் எட்டுப் பங்கு ஈயம், பெயரோ ‘ஈயமற்றது’!

சட்டத்தில் ஒரு சொல்லுக்குத் தவறான பொருள் கற்பிக்கப்படின் அதன் பலனை அனுபவிப்பவர் மக்களே. நீர்க்குழாய்களைப் பூட்டிய ஈயத்தின் கதை இதற்குத் தக்க சான்றாகும்.

காரீயம் மென்மையானது, 327 பாகை செல்சியசில் உருகுவது. ஆதலால் வார்ப்பிரும்புக் குழாய்களைப் பொருத்துவோர், ஒன்றின் வாயினுள் மற்றதைச் செருகி, இடைவெளியிற் சணலைத் திணித்து, உருக்கிய ஈயத்தை வார்த்து அடித்து இறுக்கினர். கந்தகாமிலம் ஓடும் குழாய்களின் விளிம்புத் தட்டுகளுக்கிடையே ஈயத் தகட்டை வைத்து முடுக்கினர். அமிலம் பட்டதும் ஈயத்தின்மேற் படியும் பூச்சே அதனைக் காத்தது. அத்தொழிலில் ஈயத்தின் பயனை நாம் மறுக்கவில்லை. அக்குழாயிலிருந்து எவரும் நீர் அருந்துவதில்லை.

குடிநீர்க் குழாயின் நிலை வேறு. நீரை ஒழுகவிடாத ஈயம் தானே நீரிற் கரைகிறது. குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கிறது. தீங்கற்ற அளவென ஒன்று அறியப்படவில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கூற்று.

1986 இல் அமெரிக்கக் காங்கிரஸ், குடிநீர்க் குழாய்களும் பொருத்துகளும் ‘ஈயமற்றவையாக’ இருத்தல் வேண்டுமென விதித்தது. நன்று! ஆனால் அதன் வரைவிலக்கணம் யாது? 8 வீதம் வரை ஈயமிருப்பினும் அது ‘ஈயமற்றது’! கடைவதற்கு எளிதாகுமென ஈயங்கலந்த பித்தளைப் பொருத்துகள் இப்பெயரோடு விற்பனையாயின. 2011 இல் சட்டத்தைத் திருத்தி, 2014 சனவரி முதலே, நீர் படும் பரப்பிற் சராசரி 0.25 வீதமெனக் குறைத்தனர். முன்னரே மண்ணிற் புதைந்து கிடந்த ஈயக் குழாய்களை அகற்றுமாறு 1986 ஆம் ஆண்டுச் சட்டம் பணிக்கவுமில்லை.

விளைவைப் பிளின்ற் நகரம் கண்டது. 2014 ஏப்ரலில், செலவைக் குறைக்கும் பொருட்டு, மிச்சிகன் மாநிலத்து அந்நகருக்கு ஆற்றுநீர் விடப்பட்டது. குழாய் அரிப்பைத் தடுக்கும் இரசாயனம் சேர்க்கப்படவில்லை. ஒக்தோபரில், தன் எந்திர உறுப்புகளை அந்நீர் அரிக்கிறதென்று ஜெனரல் மோட்டர்ஸ் தொழிற்சாலை வேறு நீர் பெற்றுக்கொண்டது. குழந்தைகளின் இரத்தத்தில் ஈயம் ஏறியிருப்பதை மருத்துவர் மோனா ஹன்னா அட்டிஷா 2015 செப்டெம்பரில் அம்பலப்படுத்திய பின்னரே, ஒக்தோபரில் மக்களுக்குப் பழைய நீர் திரும்பியது. இரும்பின் முறையீட்டுக்குச் செவிசாய்த்த அதிகாரம், தாய்மாரின் முறையீட்டை ஓராண்டு கேளாதிருந்தது!

இதிலிருந்து நாம் கற்கவேண்டியது யாது? சட்டம் பொருளை அதன் உண்மைப் பெயரால் அழைத்தல் வேண்டும். எத்தனை வீதம் என்பதைப் பொருளின் மேலேயே பொறிக்கச் செய்தல் வேண்டும். புதைந்து கிடப்பதையும் காலவரையிட்டு அகற்றச் செய்தல் வேண்டும். குழாய்த் திட்டம் வரையும் பொறியியலாளரும், கிணற்று நீரை வீட்டுக்குக் கொணரும் கமக்காரரும் முத்திரையைக் கண்டு அமைந்துவிடலாகாது. ‘ஈயம் எத்தனை வீதம்?’ என்று கேட்பதற்குச் சட்டப் படிப்பு வேண்டியதில்லை. கேட்கும் துணிவு போதும்.