"இதர" தலைப்பில் என்ன இருக்கு?

நான் பொட்டி தட்டுகிற ஆள் இல்லீங்க. பி.காம். முடித்துவிட்டு வங்கிக்கு வந்தவன். ஆனால் பெங்களூரில் குடித்தனம் வைத்துவிட்டு சாப்ட்வேர் பேச்சிலிருந்து தப்ப முடியுமா? மாடி வீட்டுத் தம்பியும் அதே, மச்சினனும் அதே. அதனால் கணக்குப்பிள்ளை பங்குக்கு ஒரு கருத்து.

இணையதளத்தில் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்க ஸ்கேனர்கள் உண்டு. இவற்றில் ஒவ்வொரு சோதனையையும் தனித்தனி ப்ளக்-இன் ஆகச் சேர்ப்பார்கள். 1998-ல் பிறந்த நெஸஸில் இன்று 2 லட்சத்துக்கும் மேல் ப்ளக்-இன்கள். இவ்வளவையும் வகை பிரித்து அடுக்குவது சும்மா அலங்கார வேலை என்று நினைக்கிறார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

எங்கள் தொழிலில் தொகை சரியாக இருந்தும் தலைப்பு தப்பினால் கணக்கு பொய் சொல்லும். ரிப்பேர் செலவைக் கட்டடத் தலைப்பில் எழுதினால் லாபம் கூடித் தெரியும். ஒரு பைசா திருடவில்லை, ஆனாலும் பொய்தான்!

டபிள்யூ3ஏஎஃப் என்று ஒரு இலவச ஸ்கேனர். ஆரம்பத்தில் அதில் 'டிஸ்கவரி' என்று ஒரே வகை இருந்தது. தளத்தில் என்னென்ன பக்கங்கள் என்று தேடுவதும் அதில்தான், பின்னால் ஓடும் சர்வர் எது என்று கண்டுபிடிப்பதும் அதில்தான். பிறகு 'க்ரால்', 'இன்ஃப்ராஸ்ட்ரக்சர்' என்று இரண்டாகப் பிரித்தார்கள். சரியான வேலை. இரண்டும் வேறு வேறு கேள்விகள், பதில் சொல்ல வேண்டியவர்களும் வேறு.

இதைவிட முக்கியமான கோடு ஒன்று உண்டு. வெறுமனே பார்க்கிற சோதனை, தொட்டுப் பார்க்கிற சோதனை. ஜாப் என்ற ஸ்கேனர் இந்த இரண்டையும் பாஸிவ், ஆக்டிவ் என்று பிரித்தே வைத்திருக்கிறது. பாஸிவ் வந்துபோகும் தகவலை மட்டும் படிக்கும். ஆக்டிவ், தாக்குகிறவன் மாதிரியே படிவங்களில் கண்டதை நிரப்பி அனுப்பும். புகார்ப் படிவம் இருந்தால் நூற்றுக்கணக்கில் போலிப் புகார் குவியலாம். ஆக்டிவ் ஒன்றைத் தெரியாமல் பாஸிவ் பக்கம் போட்டுவிட்டால், மாசக் கடைசியில் எவனோ அதை நிஜத் தளத்தில் ஓட்டுவான். சம்பளம் ஏறுகிற நாளில் தளம் படுத்துக்கொள்ளும்!

அடுத்தது 'மிஸ்க்'. நெஸஸிலேயே இப்படி ஒரு வகை உண்டு. அதாவது இதர வகை. எங்கள் ஊர் சஸ்பென்ஸ் கணக்கு! புரியாததைத் தற்காலிகமாக வைக்கும் இடம். வைக்கலாம், தப்பில்லை. மறந்துவிடுவதுதான் தப்பு. அறிக்கையில் 'இதர' என்று வருவதை யாரும் எனக்கென்று எடுத்துக்கொள்ள மாட்டார்கள், ஓட்டை அப்படியே கிடக்கும்.

2016 ஜூனில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட சைபர் பாதுகாப்புச் சுற்றறிக்கை, வங்கிகள் தங்கள் இணையச் சேவைகளைத் தொடர்ந்து சோதிக்க வேண்டும் என்கிறது. சோதித்தால் மட்டும் போதுமா? கண்டதைச் சரியான மேஜைக்கு அனுப்ப வேண்டாமா? மாசாமாசம் ஊரிலிருக்கும் அப்பா அம்மாவுக்கு நாம் பணம் அனுப்புவது இந்தத் தளங்கள் வழியாகத்தானே.

ஒயிட்பீல்டிலும் எலெக்ட்ரானிக் சிட்டியிலும் இந்த வேலை பார்க்கும் தம்பி தங்கைகளே, ஒவ்வொரு ப்ளக்-இன்னுக்கும் இரண்டே கேள்வி கேளுங்கள். இது தளத்தை என்ன செய்யும்? கிடைப்பதை யார் சரிசெய்ய வேண்டும்? இரண்டுக்கும் பதில் தெரிந்தால் வகை தானாக வந்துவிடும். 'இதர'வை மூன்று மாசத்துக்கு ஒருமுறை காலி செய்யுங்கள். சஸ்பென்ஸ் கணக்கை வருஷக்கணக்கில் தூங்கவிட்ட கிளையை எந்த ஆடிட்டரும் நம்பியதில்லை :-)