பாதைக்கும் உண்டு ஓர் உரிமை

இறைநம்பிக்கைக்கு எழுபதுக்கும் மேற்பட்ட கிளைகள் உண்டு என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நவின்றுள்ளார்கள். அக்கிளைகளில் உச்சியில் நிற்பது, வணக்கத்திற்குரியவன் அல்லாஹ்வையன்றி வேறு எவருமில்லை எனும் திருக்கலிமா. அடியில் நிற்பது, பாதையில் கிடக்கும் தொல்லை தரும் பொருளை அகற்றுதல். ஸஹீஹ் முஸ்லிமில் இடம் பெற்றுள்ள இந்த நபிமொழியை நாம் எத்தனையோ முறை செவியுற்றிருக்கிறோம். பாதையில் கிடக்கும் முள்ளை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்றால், பாதையின் குறுக்கே நாமே ஒரு முள்ளைக் கொண்டு போய் வைப்பதற்கு என்ன பெயர்? அந்த முள் இரும்பால் ஆனதாகவும், நான்கு சக்கரங்கள் பூண்டதாகவும் இருந்தால் அதை முள் என்று ஒப்புக்கொள்ள நம் மனம் ஏன் மறுக்கிறது?

அண்மையில் எங்கள் வார்டில் கூடிய பகுதி சபைக் கூட்டத்தில் அமர்ந்திருந்தபோது இந்தக் கேள்வி என் உள்ளத்தைக் குடைந்தது.

பள்ளிவாசலும் கடைவீதியும் அடுத்தடுத்து அமைந்த பழைய பகுதி எங்களுடையது. வண்டிகள் நிறுத்துவதை ஒழுங்குபடுத்தப் புதிய ஏற்பாடு ஒன்று வருவதாக எங்கள் மாமன்ற உறுப்பினரான அம்மையார் அறிவித்தார். குறுகிய தெருக்களில் ஒரு பக்கத்தில் மட்டுமே வண்டிகளை நிறுத்தலாம். கடைவீதியில் மணிக்கணக்கில் கட்டணம் செலுத்த வேண்டும். மீறி நிறுத்தும் வண்டிகள் அகற்றப்படும். இதுவே அவர் கூறியதன் சாரம்.

சபை கொந்தளித்தது. முன்புறத்தில் வண்டி நிறுத்த இடமில்லாத வீட்டுக்காரர்கள் எங்கே போவது என்று ஒருவர் கேட்டார். சரக்கு இறக்கும் வண்டிக்கும் கட்டணமா என்று கடைக்காரர் ஒருவர் கேட்டார். எங்கள் நிறுத்தத்தை எடுத்துவிட்டால் பிழைப்பு என்னாவது என்று ஆட்டோ ஓட்டுநர்கள் கேட்டனர். தெருவை விழுங்கிக் கட்டப்பட்டிருக்கும் படிக்கட்டுகளையும் ஜெனரேட்டர் மேடைகளையும் விட்டுவிட்டு, ஏழையின் இருசக்கர வண்டியை மட்டும் தூக்கிச் செல்வீர்களா என்று ஓர் இளைஞர் கேட்டார். வசூலாகும் கட்டணத்திற்குக் கணக்கு யார் காட்டுவது என்று ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் கேட்டார். அம்மையார் சிலவற்றிற்கு விடை அளித்தார். சிலவற்றை 'ஆவன செய்யப்படும்' என்று தள்ளினார்.

இப்படிக் கேள்வி கேட்பது தகுமா? தகும். ஜனநாயகம் அளித்த உரிமை அது. 1992-ல் நிறைவேறி, 1993-ல் நடைமுறைக்கு வந்த 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் நகர்மன்றங்களை மக்களுக்கு அருகே கொண்டு வர முனைந்தது. தமிழகத்தின் நகர்ப்புறங்களில் 2022 நவம்பர் முதல் நாளன்று பகுதி சபைகள் கூட்டப்பட்டன. கிராம சபையில் விவசாயி எழுந்து நின்று கேட்பது போல் நகரத்துக் குடிமகனும் எழுந்து நின்று கேட்க வழி பிறந்தது.

நம்மைப் பொறுத்தவரை இந்த உரிமை அதனினும் பழமையானது. தங்கள் காரியங்களைத் தமக்குள் கலந்தாலோசித்து நடத்துவோரைத் திருமறை (42:38) சிறப்பித்துக் கூறுகிறது. கலீஃபாவாகப் பொறுப்பேற்ற அன்று ஹஜ்ரத் அபூபக்ர் (ரலி) அவர்கள் ஆற்றிய முதல் உரையை நினைத்துப் பாருங்கள். நான் நேராக நடந்தால் துணை நில்லுங்கள், கோணினால் என்னை நிமிர்த்துங்கள் என்றல்லவா அப்பெருமகனார் வேண்டிக்கொண்டார்கள்! ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள் மிம்பரில் நின்றபோது, எங்களுக்குக் கிடைத்த துணியைவிட உங்கள் ஆடையில் துணி மிகுதியாக இருக்கிறதே, எப்படி என்று வினவப்பட்டதாகவும், தம் பங்கை அளித்த அருமை மைந்தரையே எழுப்பி விடை கூறச் செய்ததாகவும் வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளனர். ஆளும் பொறுப்பில் இருப்பவர் கேள்வியைக் கண்டு முகம் சுளிக்கலாகாது என்பதற்கு இவை சான்றுகள்.

ஆயினும், எப்படிக் கேட்பது என்பதற்கும் நமக்கு ஒரு முன்மாதிரி உண்டு. பாதைகளில் அமர்வதைத் தவிர்த்துக் கொள்ளுங்கள் என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ஒரு சமயம் தம் தோழர்களை எச்சரித்தார்கள். அதுவும் தெருவைப் பற்றிய ஒரு கட்டுப்பாடுதான்! தோழர்கள் தங்கள் இக்கட்டை எடுத்துரைத்தார்கள். அங்கேதான் நாங்கள் கூடிப் பேசுகிறோம், அது எங்களுக்கு இன்றியமையாதது என்றார்கள். பெருமானார் அதனைச் செவிமடுத்தார்கள். அப்படியானால் பாதைக்குரிய உரிமையைக் கொடுத்துவிடுங்கள் என்று பணித்தார்கள். பாதையின் உரிமை யாது என்று தோழர்கள் வினவினார்கள். பார்வையைத் தாழ்த்துவது, தொல்லை தராதிருப்பது, ஸலாமுக்குப் பதில் உரைப்பது, நன்மையை ஏவித் தீமையைத் தடுப்பது என்று விடை வந்தது. புகாரியிலும் முஸ்லிமிலும் அபூஸயீத் அல்குத்ரீ (ரலி) அவர்கள் வாயிலாக இது பதிவாகியுள்ளது.

இந்த உரையாடலை ஊன்றி நோக்குங்கள். தோழர்கள் கேட்ட கேள்விகள் இரண்டு. முதலாவது, தங்கள் தேவையைப் பற்றியது. இரண்டாவது, பாதைக்குத் தாங்கள் செலுத்த வேண்டிய கடமையைப் பற்றியது. எங்கள் கூட்டத்தில் முதல் கேள்வி ஐம்பது வாய்களிலிருந்து எழுந்தது. இரண்டாம் கேள்வி எவரிடமிருந்தும் எழவில்லை.

இறுதியில் எழுந்தது. கேட்டவர் நம் சமுதாயத்தைச் சேர்ந்தவர் அல்லர். பள்ளிவாசல் தெருவிலேயே பல்லாண்டுகளாக வாழ்ந்து வரும் ஒரு மூதாட்டி. அவர் மாமன்ற உறுப்பினரைப் பார்க்கவில்லை. எங்கள் பக்கம் திரும்பினார்.

"பாய், உங்களைக் குறை சொல்ல வரவில்லை. போன மாசம் ஒரு வெள்ளிக்கிழமை இவருக்கு நெஞ்சு வலி வந்தது. ஆம்புலன்ஸ் தெருமுனைக்கு வந்து நின்றுவிட்டது. உள்ளே வர வழியில்லை. நாற்காலியில் உட்கார வைத்து நாலு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள். தூக்கினவர்களும் உங்கள் பிள்ளைகள்தான், தொழுகையை விட்டு ஓடி வந்தார்கள். அதையும் நான் மறக்கவில்லை. ஆனால் வண்டி வீட்டு வாசலுக்கு வந்திருக்கலாமே?"

இறையருளால் அப்பெரியவர் பிழைத்துக்கொண்டார். அன்று அத்தெருவின் இரு பக்கங்களிலும் அணிவகுத்து நின்ற கார்களில் என்னுடையதும் ஒன்று. குத்பாவுக்கு நேரமாகிவிட்டதே என்ற பரபரப்பில் நிறுத்திவிட்டு உள்ளே சென்றவன் நான். உள்ளே இறைவன் முன் நெற்றியைத் தரையில் பதித்துக்கொண்டிருந்தேன். வெளியே என் வண்டி ஓர் உயிரின் வழியை மறித்துக்கொண்டிருந்தது.

கணக்கும் நமக்கு எதிராகவே நிற்கிறது. 20 அடி அகலமுள்ள தெரு என்பது ஏறத்தாழ 6.1 மீட்டர். ஒரு காரின் அகலம் சுமார் 1.7 மீட்டர். இரு பக்கமும் கார்கள் நின்றால் நடுவே எஞ்சுவது 2.7 மீட்டர். பெரிய வண்டிகளின் அகலத்திற்குச் சட்ட விதி வகுத்துள்ள உச்ச வரம்பு 2.6 மீட்டர். அந்த அளவுள்ள தீயணைப்பு வண்டி ஒன்று நுழைய முயன்றால் பக்கத்துக்கு ஐந்து சென்டி மீட்டர்தான் மிஞ்சும். கதவைத் திறக்கவும் இயலாது. ஒரு பக்கத்தில் மட்டும் நிறுத்தினாலோ 4.4 மீட்டர் வழி திறந்து கிடக்கும். வழியின் அகலம் பற்றிப் பிணக்கு எழுந்தால் அதனை ஏழு முழமாக வையுங்கள் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தீர்ப்பளித்தார்கள். ஏழு முழம் என்பது பத்தரை அடி, அதாவது சுமார் 3.2 மீட்டர். சுமை ஏற்றிய ஒட்டகங்களின் காலத்தில் வகுக்கப்பட்ட அந்த அளவு, இன்றைய தீயணைப்பு வண்டிக்கும் போதுமானதாக இருப்பதைக் கண்டு வியக்கிறோம்! அந்த அளவைக் கூட விட்டு வைக்காத நம்மை என்னென்பது?

பயணத்தில் இரவு தங்க நேர்ந்தால் பாதையை விட்டு ஒதுங்கித் தங்குங்கள் என்பதும் நபிமொழியே. அபூதாவூது நூலில் வரும் செய்தி இன்னும் கடுமையானது. அறப்போர்ப் பயணம் ஒன்றில் மக்கள் கூடாரங்களை நெருக்கி அமைத்துப் பாதையை அடைத்துவிட்டனர். உடனே பெருமானார் (ஸல்) அவர்கள் ஓர் அறிவிப்பாளரை அனுப்பினார்கள். தங்குமிடத்தை நெருக்கடியாக்குபவருக்கும், வழியை அடைப்பவருக்கும் அந்த அறப்போரின் நற்பலன் இல்லை என்று முழங்கச் செய்தார்கள். உயிரையே பணயம் வைத்துப் புறப்பட்டவர்களின் நற்செயலே வழியை மறித்ததால் பயனற்றுப் போகும் என்றால், அரை மணி நேரத் தொழுகைக்கு வந்த நாம் எம்மாத்திரம்?

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் கி.பி. 1111-ல் மறைந்தவர்கள். அப்பெருந்தகை தம் 'இஹ்யா உலூமித்தீன்' பெருநூலில் தெருக்களில் நிகழும் தீமைகளுக்கெனத் தனிப் பகுதியே ஒதுக்கியிருக்கிறார்கள். தெருவில் தூண் நடுவது, வீட்டை ஒட்டித் திண்ணை எழுப்புவது, வழி குறுகும்படி சுமைகளை இறக்கி வைப்பது ஆகியவற்றோடு, வழியை நெருக்கும் வகையில் வாகன மிருகங்களைக் கட்டி வைப்பதையும் தடுக்கப்பட வேண்டிய தீமையாகக் குறிப்பிடுகிறார்கள். ஏறவும் இறங்கவும் தேவையான நேரத்திற்கு மட்டும் விலக்கு அளிக்கிறார்கள். தெரு எல்லோருக்கும் பொதுவான பயனுடையது, தேவைக்கு மேல் அதனை எவரும் தமக்கென ஆக்கிக்கொள்ளலாகாது என்பது அவர்கள் காட்டும் காரணம். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் வண்டி நிறுத்துமிடங்களை வரையறுக்கவும், பிறர்க்கு இடையூறாக வண்டியை விட்டுச் செல்வதைத் தடுக்கவும் விதிகள் வகுத்திருக்கிறது. அச்சட்டம் பிறப்பதற்கு எண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் முன்னதாகவே நம் இமாம் அதனை எழுதி வைத்துவிட்டார்கள். நாம்தான் படிக்கவில்லை!

ஜும்ஆவுக்கு நடந்து வருவதன் மாண்பையும் நாம் மறந்துவிட்டோம். வெள்ளியன்று குளித்து, நேரத்தோடு புறப்பட்டு, வாகனத்தில் ஏறாமல் நடந்து வந்து, இமாமின் அருகே அமர்ந்து குத்பாவைச் செவிமடுப்பவருக்கு, ஒவ்வோர் அடிக்கும் ஓராண்டு நோன்பும் தொழுகையும் நோற்ற நற்கூலி உண்டு என்று ஹதீஸ் கூறுகிறது. பள்ளிக்குள் மக்களின் தோள்களைத் தாண்டி முன்னேறிய ஒருவரை, உட்காரும், நீர் தொல்லை தந்துவிட்டீர் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் அமர்த்தியதையும் அறிவோம். உள்ளே ஒருவர் தோளைத் தாண்டுவதே தொல்லை என்றால், வெளியே ஒரு தெருவின் கழுத்தை நெரிப்பது எத்தகைய தொல்லை!

நான் கட்டுப்பாட்டை ஆதரிக்கிறேன். அதே வேளையில் அதிகாரத்தில் இருப்போரின் கடமையையும் சொல்லாமலிருக்க இயலாது. அமானிதங்களை உரியவர்களிடம் ஒப்படைக்குமாறும், மக்களிடையே தீர்ப்பளிக்கும்போது நீதியுடன் தீர்ப்பளிக்குமாறும் திருமறை (4:58) கட்டளையிடுகிறது. தெருவும் ஓர் அமானிதமே. செல்வரின் படிக்கட்டைக் காணாத கண், ஏழையின் மிதிவண்டியை மட்டும் காணுமானால் அது நீதியாகாது. ஆட்டோ ஓட்டுநருக்கும் தள்ளுவண்டிக்காரருக்கும் மாற்றிடம் காட்டிய பின்னரே அவர்களை அகற்ற வேண்டும். சரக்கு இறக்கக் காலை நேரத்தை ஒதுக்கித் தரலாம். கட்டண வசூலின் வரவு செலவை வார்டு மக்களின் முன் படித்துக் காட்ட வேண்டும். அந்த ஆசிரியரின் கேள்விக்கு 'ஆவன செய்யப்படும்' என்பது விடையாகாது. தனிப்பட்டோரின் சிறு இழப்பைப் பொறுத்தேனும் பொதுத் தீங்கைத் தடுக்க வேண்டும் என்பது ஃபிக்ஹு விதி. அந்த இழப்பு எளியோர் தலையில் மட்டும் விழாமல் பார்த்துக்கொள்வது ஆள்வோர் பொறுப்பு.

நம் ஜமாஅத்தார்கள் சட்டம் வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. வரும் வெள்ளியன்றே தொடங்கலாம். பத்து நிமிட நடைதூரத்தில் இருப்பவர்கள் வண்டியை வீட்டில் விட்டு வரட்டும். தொலைவிலிருந்து வருவோர்க்கு மதரஸா மைதானத்தையும், ஜமாஅத் திருமண மண்டபத்தின் முற்றத்தையும் முத்தவல்லிமார்கள் திறந்துவிடட்டும். முதியோரும் நோயாளிகளும் வாயிலருகே இறங்கிக்கொள்ள இடம் ஒதுக்கப்படட்டும். பாங்கு ஒலிக்கும் முன்பே இளைஞர் சிலர் தெருமுனையில் நின்று வழிப்படுத்தட்டும். கதீப் பெருமக்கள் குத்பாவுக்கு முந்திய உரையில் பாதையின் உரிமையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லட்டும். இவற்றையெல்லாம் செய்த பிறகு மாமன்ற உறுப்பினரிடம் சென்று நாம் கேட்கும் கேள்விக்கு ஒரு கனம் இருக்கும்.

உங்களுக்கே பாதகமாயினும் நீதிக்குச் சான்று பகருங்கள் என்று திருமறை (4:135) நம்மைப் பணிக்கிறது. அந்தக் கூட்டத்தில் நான் எழுந்து, அம்மா, அந்த வண்டிகளில் ஒன்று என்னுடையது என்று அம்மூதாட்டியிடம் சொல்லியிருக்க வேண்டும். நா எழவில்லை. மறுநாள் அவர் வீட்டு வாசலுக்குச் சென்று சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே உள்ளே அழைத்து உட்கார வைத்து, பெரியவரையும் எழுப்பி வந்து காட்டினார். அவர் மன்னித்துவிட்டார். அந்த வெள்ளிக்குப் பிறகு நான் நடந்தே ஜும்ஆவுக்குச் செல்கிறேன்.

பாதையில் கிடந்த ஒரு முட்கிளையை அகற்றிய மனிதரின் அச்செயலை ஏற்று, அவருடைய பிழைகளை மன்னித்தவன் நம் இறைவன். நம் வண்டிகளையும் முட்கிளைகளாக எண்ணி ஒதுக்கி வைக்கும் நல்லறிவை அவன் நமக்கு வழங்குவானாக! நம்மால் எவருடைய வழியும் அடைபடாமல் காத்தருள்வானாக! ஆமீன்.